ஒரு மாற்றுக் குறைவு

தம்பி,

உன் கடிதமும் அதனுடன் நீ வைத்திருந்த விளம்பரத் தாளும் வெள்ளிக்கிழமைத் தபாலில் வந்து சேர்ந்தன. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் உன் தங்கை சரசு உறையைப் பிரித்து இரண்டையும் படித்து முடித்திருந்தாள். அதனால், எனக்கு மட்டும் என்று நீ எழுதியிருந்ததை அவளிடமிருந்து மறைக்க வழியில்லாமல் போயிற்று. உங்கள் கம்பெனியின் முகப்பூச்சுக்கு ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்களை அருகருகே போட்டு விளம்பரம் செய்யப்போகிறீர்கள். ‘முன்’ என்று போட ஒரு கறுத்த பெண்ணின் முகம் வேண்டும். சென்னையில் கௌரவமான குடும்பத்தில் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள். நம் சரசுவைப் படம் எடுத்து அனுப்பினால் முதலாளி உன்னை மறக்க மாட்டார். பெயர் போட மாட்டீர்கள். ‘பின்’ படத்தை ஸ்டுடியோவிலேயே நெகட்டிவ் கண்ணாடித் தகட்டின்மேல் பென்சில் ஓட்டி வெளுப்பாக்கிவிடுவார்கள். இவ்வளவும் எழுதிவிட்டு, ‘இதில் யாருக்கும் நஷ்டமில்லை அம்மா’ என்று முடித்திருக்கிறாய். பதில் எழுத உட்கார்வதும் எழுந்துபோவதுமாக எனக்கு நாட்கள் போய்விட்டன.

அந்த விளம்பரத் தாளை மேசைமேல் விரித்து வைத்துப் படித்தேன். காகிதப் பஞ்சத்தில் பத்திரிகைகள் பாதியாகச் சுருங்கிவிட்ட இந்த உலகச் சண்டைக் காலத்திலும் உங்களுக்கு அரைப் பக்கம் கிடைத்திருக்கிறது. நல்ல தமிழ். ஒரு சொல் மிகையில்லை. நீ எழுதியதுதான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டிருப்பேன். ‘மூக்கும் முழியும் லட்சணம், நிறம் மட்டும் ஒரு மாற்றுக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்களா? இனிக் கவலை வேண்டாம்’ என்ற வரிக்கு வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறவர்களின் பேச்சு அது. ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்ன ஒரே ஒரு மனிதரைத்தான் நான் கேட்டிருக்கிறேன். நீயும் அந்த ஒருவரைத்தான் கேட்டிருப்பாய்.

திருமயத்திலிருந்து சரசுவை முதன்முதலாகப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். உன் அப்பா காலமாகி ஒரு வருஷம் கழிந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் நகைக்கடைக்காரர். சரசு கும்பிட்டுவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படியாகவே, “மூக்கும் முழியும் லட்சணமாத்தான் இருக்கு. நெறந்தான் ஒரு மாத்துக் கொறைச்சல்” என்றார் அவர். கூட வந்த ஒருவர், “மாமா ஒரசிப் பாக்காமலே சொல்லிருவாரு” என்று எடுத்துக் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். நீ வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். தட்டை நீ தரையில் வைத்த வேகத்தில் பாக்கெல்லாம் உருண்டு ஓடிற்று. இருட்டும்வரை நீ வீட்டுக்கு வரவில்லை. புதுக்குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னாய். சாப்பிடும்போது, “அந்த ஆளு பல்லைத் தட்டியிருக்கணும்மா” என்றாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றது. இந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லாவிட்டாலும் ஒரு அண்ணன் இருக்கிறான் என்று நான் அன்றைக்கு ஆறுதல் அடைந்தேன். இப்போது அதே வார்த்தை அச்சில் வந்திருக்கிறது. அந்த மனிதர் ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். நீ ஊரிலுள்ள பெண்கள் அத்தனை பேரின் காதிலும் போட்டுவிட்டாய்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றும் யோசிக்காமல் இல்லை. நீ என் வயிற்றில் இருந்தபோது யாரும் எந்த மருந்தும் தரவில்லை. நீ உன் அப்பாவின் சிவந்த நிறத்தோடு பிறந்தாய். சரசு வயிற்றில் இருந்தபோது உன் அப்பா தாலுகா கச்சேரி வேலைக்கு லீவு போட்டுத் திருச்சிக்குப் போய்க் குங்குமப்பூ வாங்கி வந்தார். “பையன் கறுப்பா இருந்தா யாரு கேக்கப் போறா? இது பொண்ணா இருந்து ஒன்னை மாதிரியே இருந்துட்டா என்ன பண்றது?” என்று அன்பாகத்தான் கேட்டார். நானும் தினமும் பாலில் போட்டுக் குடித்தேன். சரசு பிறந்தாள், என் நிறத்தில். உன் அப்பா தொட்டிலைப் பார்த்துவிட்டு, “கடைக்காரன் கலப்படம் பண்ணிப்புட்டான்” என்றார். வீடே சிரித்தது. குங்குமப்பூ யார் நிறத்தையும் மாற்றாது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடையில் வாங்கியதுதான் தப்பு. அடுத்த பிள்ளைக்கு வேறு கடையில் வாங்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் கம்பெனிக்கு வேண்டிய ஞானம் முழுவதும் நம் வீட்டுத் தொட்டிலடியிலேயே இருந்திருக்கிறது, தம்பி.

நான் சென்னையில் விடுதியில் தங்கிப் பி.ஏ. படித்தவள். தோலுக்கு அடியில் நிறம் எப்படி உண்டாகிறது என்று கல்லூரியில் கற்றுக்கொண்டேன், பரீட்சையில் நன்றாக எழுதவும் செய்தேன். அதே வருஷம் விடுதித் தோழிகளோடு சேர்ந்து ஸ்நோ என்ற சீமை முகப்பூச்சுப் புட்டி ஒன்று வாங்கி, காலையில் பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன் முறைபோட்டுப் பூசிக்கொண்டேன். புட்டி காலியானபோது எங்களில் ஒருத்திக்கும் நிறம் மாறவில்லை. “இது வெள்ளைக்காரத் தோலுக்குச் செஞ்சதுடி, நமக்கு வேற வேணும்” என்றாள் ஒரு தோழி. அதையும் நம்பினோம். இப்போது சண்டையால் சீமைச் சாமான் வருவது நின்றுபோயிற்று. உங்களைப் போன்ற சுதேசிக் கம்பெனிகள் முளைத்து, ‘நம் பெண்களின் மேனிக்கென்றே தயாரித்தது’ என்று போடுகிறீர்கள். என் தோழி தமாஷாகச் சொன்னதை நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். சரசு குழந்தையாய் இருந்தபோது பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துத் தேய்த்து அவளை அழவைத்தவளும் நான்தான். நீ நாள் முழுக்க வெயிலில் கிடந்து கருகி வந்தால் தலையைத் துடைத்துச் சோறு போடுவேன். அவள் வாசலுக்கு வந்தால், “உள்ள வாத்தா, வெயிலு” என்பேன். அவள் எதையோ தொலைத்துவிட்டுப் பிறந்ததுபோல வீட்டில் எல்லோரும் அதைத் தேடிக்கொண்டே இருந்தோம்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நானும் சரசுவும் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தோம். நீ ஒரு முறுக்கைக் கடித்தபடி சிரித்துச் சொன்னது நினைவிருக்கிறதா? “அதுல ஒண்ணுமே இல்லம்மா. மெழுகு, தண்ணி, கொஞ்சம் சென்ட். கெடுதலும் இல்ல, நல்லதும் இல்ல. பூசுறவங்களுக்கு ஒரு சந்தோஷம்.” நான், “பொய்தானேடா” என்றேன். “பொய்யின்னா யாராச்சும் திருப்பிக் குடுத்துருக்கணும்ல? ஒரு புட்டிகூடத் திரும்பி வரல” என்றாய். எப்படித் திரும்பி வரும்? உபயோகமில்லை என்று திருப்பி அனுப்ப, தபாலாபீசில் நின்று தன் முகத்தைச் சாட்சிக்குக் காட்ட வேண்டுமே. எந்தப் பெண் அதைச் செய்வாள்?

நீ அந்தக் கம்பெனியில் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கட்டுமாவடியிலிருந்து கருவாடு கொண்டுவருகிற அம்மா, போன வாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “ஒங்க புள்ள செய்யிற களிம்பாம்ல வாத்தியாரம்மா, எம் மகளுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க. வைகாசியில கலியாணம் வச்சிருக்கோம்” என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். “அதுல ஒண்ணும் இல்லம்மா. வெறும் மெழுகு. அந்தக் காசுக்குப் புள்ளைக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்துக் குடு” என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பின்னால் ஜன்னலில் சரசுவின் புட்டிகள் வரிசையாக இருந்தன. “ஆமாமா. ஒங்க மகளுக்கு மட்டும் வச்சுக்குவீங்க. எங்க மூஞ்சிக்கு அது எதுக்கு?” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இந்த வாரம் அவள் நம் தெருவுக்கே வரவில்லை. இருபது வருஷமாக வகுப்பில் உண்மையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அன்றைக்கு என் உண்மையை வாங்க ஆளில்லை. உன் விளம்பரத்துக்குத்தான் ஆள் இருக்கிறது.

அந்தப் புட்டிகள் ஏன் ஜன்னலில் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு நடந்ததை முழுவதும் நான் உனக்கு எழுதவில்லை. தீபாவளி முடிந்து நீ ரயிலேறிய பிறகு கீரமங்கலத்திலிருந்து வந்தார்கள். பையன் ரயில்வேயில் குமாஸ்தா. அவன் அம்மாவை எனக்குப் பிடித்திருந்தது. வாய் ஓயாமல் பேசுகிறவள், கள்ளமில்லாதவள். சரசுவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு வாத்தியாரம்மா. நான் மட்டும் என்ன செவப்பா? என்னைப் பாருங்க, அடுப்புச் சட்டி மாதிரி இருக்கேன். எங்க ஊட்டுல எல்லாரும் இப்படித்தான். அதுனாலதான் யோசிக்கிறேன். பேரப்புள்ளையாவது கொஞ்சம் வெளுப்பாப் பொறக்க வேணாமா?” என்றாள். சொல்லிக்கொண்டே சுருக்குப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். உங்கள் கம்பெனியின் பழைய விளம்பரம். “மூணு மாசத்துல நெறம் வந்துரும்னு இதுலயே போட்டிருக்காங்க. ஒங்க மகன் கம்பெனிதானே? மத்தவங்க காசு குடுத்து வாங்கணும், ஒங்களுக்கு ஊட்டுச் சாமான். தை வரைக்கும் பூசட்டும். பொங்கல் கழிச்சு நாங்க இங்கிட்டு வாரோம். கலர் வந்திருந்துச்சுன்னா அன்னைக்கே பூ வச்சிருவோம்” என்றாள்.

பூ வைத்துவிட்டால் நிச்சயமானது மாதிரி. அதற்காகத்தான் நானும் காத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல். அது மெழுகும் தண்ணீரும்தான் என்று சொன்னால், என் மகன் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் என்றாகும். அப்படிப்பட்டவனின் தங்கையை யார் கட்டுவார்கள்? சொல்லாவிட்டால் தை வரைக்கும் அவள் பூச வேண்டும். “சரிங்க” என்றவள் சரசுதான். நான் உனக்கு இரண்டு வரி எழுதினேன்; நீ ஒரு பார்சல் நிறையப் புட்டிகள் அனுப்பினாய், ஒரு வார்த்தையும் எழுதாமல். பார்சலைப் பிரிக்கும்போது, உள்ளே வைத்திருந்த வைக்கோலை எல்லாம் அவள் உதறிப் பார்த்தாள். நீ ஏதாவது எழுதி வைத்திருப்பாய் என்று தேடினாள்.

காலையிலும் மாலையிலும் பூசுகிறாள். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேன். “அதுல ஒண்ணுமில்லைன்னு அண்ணன் சொன்னப்ப நீயும் அங்கதானே இருந்த?”

“இருந்தேன்.”

“பின்னே எதுக்கு ஆத்தா பூசுற?”

“தை மாசம் வந்து, பூசுனியான்னு கேப்பாங்கல்ல. பூசலைன்னா அது எந் தப்பும்மா. பூசிட்டா என் தப்பு இல்ல.”

தையில் அவர்கள் வருவார்கள், அவள் முகம் இப்போது இருக்கிறபடிதான் இருக்கும். களிம்பு தோற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அச்சில் வந்தது, ஊரெல்லாம் வாங்குவது, அது எப்படித் தோற்கும்? சொந்த அண்ணன் கம்பெனிக் களிம்பே இவள் தோலில் ஏறவில்லையாம் என்றுதான் கீரமங்கலத்திலும் சொல்வார்கள், அங்கிருந்து போகிற ஊரிலெல்லாம் சொல்வார்கள். இதுவரை அவள் கறுத்த பெண்ணாக மட்டும் இருந்தாள். இனி, மருந்துக்கும் மாறாத பெண் ஆகிவிடுவாள். இதைத் தவிர்க்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, தம்பி. எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று விளக்கேற்றிவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அவள் உன் விளம்பரத்தை மறுபடி எடுத்து அந்த வரியை விரலால் தொட்டு, “இது என்னையச் சொன்னதுதானேம்மா? அண்ணன் மறக்கவே இல்ல பாரு” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெருமையாகச் சொன்னாள். அடுத்தாற்போல், “நான் படம் எடுத்துக்குறேன்மா. மொத மொதலா அண்ணன் என்கிட்ட ஒண்ணு கேக்குறான்” என்றாள்.

“உன்கிட்ட எங்க கேட்டான்? என்கிட்டத்தான் கேட்டான்.”

“மூஞ்சி என்னுதுல்ல?” என்று சிரித்தாள். “பின் படத்துல ஒண்ணு நமக்கும் அனுப்பச் சொல்லு. கீரமங்கலத்துக்குக் குடுத்து விடுவோம். அந்தம்மா சந்தோஷப்படும்.”

“நேர்ல வர்றப்ப என்ன பண்ணுவ?”

“சாயங்காலமா வரச் சொல்லு. மண்ணெண்ணெய்தான் கெடைக்கலையே, அகல் விளக்கு வெளிச்சத்துல என்ன தெரியப் போகுது?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு, “அப்பா செவப்புத்தானேம்மா. ஒன்னை எப்படிக் கட்டுனாங்க?” என்று கேட்டாள். குத்திக் காட்ட அல்ல, தெரிந்துகொள்ளத்தான். என் அப்பா எனக்கு ஆலங்குடியில் நிலம் எழுதிவைத்தார். என் நிறத்தை அந்த நிலம் மறைத்தது. உன் அப்பா நல்லவர், என்னை நன்றாக வைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த நிலம் இல்லாமல் அவர் வீட்டார் என் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நிலத்தை விற்றுத்தான் உன்னைப் படிக்கவைத்தேன். அதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை. உன் படிப்பு நம் மூன்று பேருக்கும் போதும் என்று அப்போது நினைத்தேன். சரசுவிடம் இதில் எதையும் சொல்லாமல், “தெரியல ஆத்தா” என்றேன்.

வேலையை விட்டுவிடு என்று உனக்கு எழுத மாட்டேன். நீ எழுந்துபோனால் அந்த நாற்காலியில் இன்னொருவன் உட்காருவான், அவனுக்கும் ஒரு தங்கை இருப்பாள். அவனுக்கு உன் அளவு தமிழ் வராமல் இருக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு நீயும் பெண் பார்க்கப் போவாய். உன் நிறத்துக்கும் உத்தியோகத்துக்கும் நல்ல இடங்களாக வரும். அங்கே தட்டோடு நிற்கிற அந்தப் பெண்ணின் அண்ணனையோ தம்பியையோ ஒரு தடவை நிமிர்ந்து பார். உன்னோடு வருகிறவர்களில் யாராவது வாயைத் திறந்தால், பெண் உள்ளே போகும் முன்னால் நீ பேசிவிடு. பிறகு குளத்தங்கரையில் போய் உட்காராதே, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. இதை நீ செய்வாய் என்ற நம்பிக்கை எனக்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அம்மா என்று ஒருத்தி எழுதாமல் இருக்க முடியாது.

நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நேற்று முன்தினம் சரசு என்னையும் கூட்டிக்கொண்டு நம் ஊர் ஸ்டுடியோவுக்குப் போனாள். ஸ்டுடியோக்காரர் நம் பள்ளிக்கூடக் குழுப்படங்கள் எடுப்பவர்தான். கண்ணாடியும் பவுடர் டப்பாவும் எடுத்து நீட்டி, “கொஞ்சம் போட்டுக்கங்க பாப்பா, எல்லாரும் போட்டுக்குவாங்க” என்றார். “வேணாண்ணே. இது முன் படம்” என்றாள் சரசு. அவருக்கு விளங்கவில்லை. அவள் தாவணித் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கல்யாணத்துக்கென்று எடுத்த படங்களில் எல்லாம் பவுடர் பூசி, கழுத்தை மறைத்து, வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்து நின்ற பெண், இதில்தான் தன் முகத்தோடு நின்றாள். “சிரிங்க பாப்பா” என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. முன் படத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு விளக்கினாள். பழைய பத்திரிகைகளைப் புரட்டிக் கவனித்திருக்கிறாள்.

படம் இந்த உறைக்குள் இருக்கிறது. அனுப்பக் கூடாது என்றுதான் கடைசி வரை இருந்தேன். அனுப்பாவிட்டால், ‘உன் முகம் எதற்குமே உதவாது’ என்று நானும் அவளிடம் சொன்னதாக ஆகிவிடும்போல் இருந்தது. அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு இப்போதுதான் அவள் பின்னால் வந்து நின்றாள். உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “இதுல நான் சிரிக்கலேன்னு சொல்லும்மா. பின் படத்துல மட்டும் சிரிக்கிற மாதிரி இருக்கணும்னு எழுது.”

நிறத்துக்குப் பென்சில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். இந்தச் சிரிப்புக்கு உங்கள் ஸ்டுடியோவில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து அவளுக்கே நேரே எழுது. நான் அவளிடம், “சரி, எழுதுறேன்” என்று சொல்லிவிட்டேன்.

அம்மா